கஞ்சாவுக்கும் கடை திறக்கலாமா?

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட அரசியல் வகுப்பில் ஆற்றிய உரை)



சென்ற மாத வகுப்பில் ஒரு வாலிபத் தோழர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். ஸ்பின்னிங்கில் வேலை செய்கிறவர். "பிராந்தியைச் சர்க்காரே கடை வைத்து விற்கிறது. கஞ்சாவைத் தொட்டால் ஜெயில். பிராந்தியைவிடக் கஞ்சா கெட்டதா? அதற்கும் ஒரு கடை வைத்து, வயது பார்த்து, வரி போட்டு விற்றுவிட்டால் என்ன?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். மூத்த தோழர் ஒருவர், "உட்காரப்பா, இதெல்லாம் ஒரு கேள்வியா?" என்று அதட்டினார்.

நாங்கள் அன்று பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதுதான் உண்மை. பிறகு கிடைத்ததைப் படித்தோம், வக்கீல் தோழர்களைக் கேட்டோம், டாக்டர்களைக் கேட்டோம். அதட்டி உட்கார வைக்கிற கேள்வி அல்ல இது என்று தெரிந்துகொண்டோம். ஆகவே இன்றைய பேச்சு முழுவதும் அந்தத் தோழருக்கான பதில்தான்.

நமது வட்டத்தில் ஒரு குடும்பம். பெயரும் ஊரும் வேண்டாம். தாய் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். தகப்பன் மூட்டை ஏற்றி இறக்குகிறவர். மகனுக்கு வயது பத்தொன்பது. ஒரு பஞ்சாலையில் கான்ட்ராக்டில் சேர்ந்து நைட் ஷிப்டு பார்த்து வந்தான்.

தகப்பன் குடிப்பார். அவர் போகிற கடை சர்க்கார் கடை. வாசலில் போர்டு உண்டு, உள்ளே விலைப்பட்டியல் உண்டு. ஒரு போலீஸ்காரரும் அவரை ஏன் என்று கேட்டதில்லை. சனிக்கிழமை வாங்கிய கூலி ஞாயிற்றுக்கிழமைப் பகலைத் தாண்டி அந்த வீட்டில் தங்கியதில்லை.

மகன் குடிப்பதில்லை. தகப்பனைப் பார்த்தே அதை வெறுத்தவன். ஆனால் நைட் ஷிப்டு முடிந்து வந்து, பட்டப் பகலில் தகரக் கொட்டகையின் கீழ் தூக்கம் வராமல் புரண்டவனுக்கு, கூட வேலை செய்த ஒருவன் கஞ்சா பீடியைப் பழக்கிவிட்டான். ஒரு நாள் பஸ் ஸ்டாண்டு அருகில் சோதனை போட்டார்கள். சட்டைப் பையில் நாற்பது கிராம் பொட்டலம் இருந்தது.

ஜாமீனுக்கு ஆள் கிடைக்க இருபத்து மூன்று நாள் ஆயிற்று. தாயின் தோடு அடகுக் கடைக்குப் போயிற்று. "குற்றத்தை ஒப்புக்கொள், அபராதத்தோடு போய்விடும்" என்று கோர்ட் வாசலில் யாரோ சொன்னார்கள். ஒப்புக்கொண்டான். கேஸ் அபராதத்தோடு போயிற்று. வேலையும் அதோடு போயிற்று. "கேஸ் ஆனவனுக்கு இங்கே இடமில்லை" என்று மில் வாசலிலேயே திருப்பிவிட்டார்கள். கான்ட்ராக்ட் ஆள் என்பதால் ஒரு துண்டுக் காகிதம்கூடத் தரவில்லை. நாங்கள் போய் நிர்வாகத்திடம் பேசினோம். பலிக்கவில்லை.

அந்தத் தாய் எங்களிடம் சொன்னார்: "அண்ணே, அப்பன் குடிக்கிறதுக்கு சர்க்கார் கடையத் தொறந்து வெச்சிருக்கு. மவன் குடிச்சதுக்கு ஜெயிலத் தொறந்து வெச்சிருக்கு. ரெண்டு வாசல்லயும் நான்தானண்ணே பணத்தக் கட்டறேன்?"

தோழர்களே, முதலில் அந்த ஜெயில் வாசலைப் பார்ப்போம்.

கஞ்சாவுக்குக் கடை வைப்பது ஏதோ புதிய யோசனை என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. வெள்ளைக்காரன் ஆட்சியில் இந்த நாட்டில் கஞ்சாவுக்கு லைசென்ஸ் கடைகள் இருந்தன. கள், சாராயத்தைப் போலவே அதுவும் அப்காரி வருமானம். வங்காளத்தில் நவகாவ் வட்டாரத்தில் சர்க்கார் மேற்பார்வையிலேயே கஞ்சா பயிரிட்டார்கள். இதைப் பற்றி லண்டன் பார்லிமெண்டில் கேள்வி எழுந்தது. 1893இல் ஒரு கமிஷன் போட்டார்கள். ஏழு பேர் கொண்ட கமிஷன். அதில் மூவர் இந்தியர். மாகாணம் மாகாணமாகச் சுற்றி 1,193 சாட்சிகளை விசாரித்து, 1894இல் ரிப்போர்ட் கொடுத்தார்கள்.

அந்த ரிப்போர்ட்டில் ஒரு விஷயம் எங்களை நிமிர்ந்து உட்கார வைத்தது. கஞ்சா குடித்தால் பைத்தியம் பிடிக்கும் என்பதற்கு அன்று காட்டிய பெரிய ஆதாரம், பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளின் பதிவேடு. அந்தப் பதிவேட்டில் 'காரணம்' என்ற கட்டத்தில் 'கஞ்சா' என்று எழுதியிருக்கும். யார் எழுதியது என்று கமிஷன் தோண்டிப் பார்த்தது. பல இடங்களில் அது டாக்டர் பரிசோதித்து எழுதியது அல்ல. ஆளைப் பிடித்துக் கொண்டுவந்த போலீஸ் சொன்னது! காரணம் தெரியாத இடத்தில் கஞ்சா என்று போட்டுவிட்டால் கட்டம் நிரம்பிவிடும். ஏழைக்குப் புத்தி கெட்டால் அது அவனுடைய கெட்ட பழக்கத்தால்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் 130 வருஷத்துக்கு முன்பே எப்படி வேலை செய்திருக்கிறது பாருங்கள்.

கடைசியில் கமிஷன் என்ன சொல்லிற்று? அளவாகக் குடிக்கிறவர்களுக்குப் பெரிய கேடு இல்லை, அளவு மீறினால் கேடு, அடியோடு தடை வேண்டாம், வரி போட்டுக் கட்டுப்படுத்துங்கள் என்றது. வரி என்ற வார்த்தை வெள்ளைக்காரனுக்கு எப்போதுமே இனிக்கும். சீனாவின் மேல் படையெடுத்து அபினியைத் திணித்தவன் அவன். அவனுக்கு நம் உடம்பின்மேல் கரிசனம் வந்து இதைச் சொல்லவில்லை. ஆனால் விசாரணை ஒழுங்காக நடந்தது என்பதை நாம் மறுக்க வேண்டியதில்லை.

பிறகு 1961இல் ஐக்கிய நாடுகள் சபையில் போதைப் பொருள் ஒப்பந்தம் வந்தது. மருத்துவத்துக்கு அல்லாத கஞ்சா உபயோகத்தை 25 வருஷத்துக்குள் நிறுத்த வேண்டும் என்றது. அதையொட்டி இந்திய சர்க்கார் 1985இல் இப்போதுள்ள போதைப் பொருள் சட்டத்தைக் கொண்டுவந்தது. பூவும் காயும் உள்ள நுனி 'கஞ்சா', அதற்குத் தண்டனை. தனியாக இருக்கும் இலையும் விதையும் அந்த விளக்கத்தில் வராது. இலையை அரைத்துச் செய்கிற பாங்கு உத்தரப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் லைசென்ஸ் கடையில் பகிரங்கமாக விற்கிறது. ஒரே செடிதான், இலைக்கு லைசென்ஸ், பூவுக்கு விலங்கு.

இந்தச் சட்டத்தில் ஒரு கிலோ வரை சிறிய அளவு. அதற்கு ஒரு வருஷம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வெறுமனே குடித்ததற்கு ஆறு மாதம் வரை சிறை. இருபது கிலோவுக்கு மேல் போனால் பத்து வருஷத்துக்குக் குறையாது. ஜாமீனும் லேசில் கிடையாது. காகிதத்தில் பார்த்தால், சின்னவனுக்குச் சின்னத் தண்டனை, பெரியவனுக்குப் பெரிய தண்டனை என்று நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் இருபது கிலோவைச் சுமந்துகொண்டு ரயிலில் வருகிறவன் யார்? சரக்கின் சொந்தக்காரனா? சில ஆயிரம் ரூபாய்க்குப் பை தூக்குகிற வேலையற்றவன். சொந்தக்காரன் ரயிலிலேயே ஏறுவதில்லை. தமிழ்நாட்டுப் போலீஸ் 2021 டிசம்பரிலிருந்து 'கஞ்சா வேட்டை' என்று பெயர் வைத்தே வேட்டை நடத்திற்று. அதே சமயம் ஆந்திரப் போலீஸ் விசாகப்பட்டினம் மலைப் பகுதியில் ஆயிரக்கணக்கான ஏக்கர் கஞ்சாப் பயிரை வெட்டிக் கொளுத்திற்று. பயிரிட்டவர்கள் ஆதிவாசி விவசாயிகள். வெட்டிய பயிருக்குப் பதிலாக விளைகிற மஞ்சளுக்கும் காபிக்கும் கட்டுப்படியாகிற விலை யார் தருவது? அதைத் தீர்க்காமல் எத்தனை முறை கொளுத்தினாலும் அடுத்த மலையில் முளைக்கத்தான் செய்யும்.

ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், தோழர்களே. இதே சட்டத்தில் 64-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பழக்கத்துக்கு அடிமையான ஒருவன், சிறிய அளவு வைத்திருந்த வழக்கிலோ குடித்த வழக்கிலோ சிக்கி, தானாக முன்வந்து சர்க்கார் ஆஸ்பத்திரியிலோ சர்க்கார் அங்கீகரித்த இடத்திலோ சிகிச்சை எடுத்துக்கொண்டால், அவன்மேல் வழக்கு நடத்தக் கூடாது. சிகிச்சையை முழுதும் முடிக்க வேண்டும். பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். நாம் சொன்ன பையனுக்கு இதை யாரும் சொல்லவில்லை. போலீஸ் சொல்லவில்லை, கோர்ட் வாசலில் புத்தி சொன்னவர் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை, ஏனென்றால் அன்று எங்களுக்கும் தெரியாது. அது எங்கள் குறை.

ஜெயில் வாசல் இப்படி. இனி கடை வாசலுக்கு வருவோம். வாலிபத் தோழர் கேட்டது 'பிராந்தியைப் போல' என்றுதானே? நல்லது, பிராந்தி எப்படி விற்கிறது என்று பார்ப்போம்.

1937இல் சேலம் ஜில்லாவில் தொடங்கி 1948இல் மதராஸ் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. 1971இல் கடை திறந்தார்கள். சில வருஷத்தில் மூடினார்கள். 1981இல் மறுபடி திறந்தார்கள். 1983இல் டாஸ்மாக் வந்தது. அப்போது மொத்த வியாபாரம் மட்டும். 2003 நவம்பரில் சில்லறைக் கடைகளையும் சர்க்காரே எடுத்துக்கொண்டது. காரணம் என்ன சொன்னார்கள்? தனியார் கொள்ளை ஒழியும், கலப்படம் ஒழியும், கள்ளச்சாராயம் ஒழியும் என்றார்கள். இன்று கஞ்சாக் கடை கேட்கிறவர்கள் சொல்வதும் வார்த்தை பிசகாமல் இதுதான்.

நடந்தது என்ன? 2003-04இல் சுமார் 3,600 கோடி ரூபாயாக இருந்த மது வருமானம் 2023-24இல் 45,000 கோடியைத் தாண்டிற்று. இருபது வருஷத்தில் பன்னிரண்டு மடங்கு! நம் கூலி பன்னிரண்டு மடங்கு உயர்ந்ததா? பஞ்சப்படி உயர்ந்ததா? பாட்டிலில் அடைத்துத் தருகிறவர்கள் தனி முதலாளிகள். விற்றுத் தருவது சர்க்கார். கடையில் நின்று விற்கிற ஊழியர்கள் இருபதாயிரம் பேருக்கு மேல். தொகுப்பூதியத்தில் எடுத்த அவர்கள் வருஷக்கணக்காகப் பணி நிரந்தரம் கேட்டுப் போராடுகிறார்கள். ஒரு தடவை இந்தப் பணத்தில் ருசி கண்ட கஜானா பிறகு விடுமா? எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் சில நூறு கடைகளை மூடுகிறோம் என்று பேப்பரில் போடுகிறார்கள். வருமானம் மட்டும் குறைவதில்லை. குடிகாரன் திருந்தினால் பட்ஜெட்டில் துண்டு விழும் என்கிற நிலையில் இருக்கும் சர்க்கார், குடிகாரன் திருந்த வேண்டும் என்று மனதார விரும்புமா?

சரி, கள்ளச்சாராயமாவது ஒழிந்ததா? 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 65 பேருக்கு மேல் செத்தார்கள். பெரும்பாலோர் தினக்கூலிகள். சர்க்கார் கடை இல்லாத ஊரா அது? கடை இருந்தது. ஆனால் கடைக் குவார்ட்டர் நூற்று நாற்பது ரூபாய் சொச்சம். வரியை ஏற்றி ஏற்றி ஏழைக்கு எட்டாத விலையில் வைத்தால், அவன் பாக்கெட் சாராயத்துக்குத்தான் போவான். வரிக்காக விற்கிற கடை கள்ளச் சந்தையை ஒழிக்காது. அதற்குப் பக்கத்திலேயே இதுவும் நடக்கும்.

வெளிநாட்டைப் பார் என்கிறார்கள். பார்த்தோம். கனடா 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கிற்று. பொட்டலம் வைத்திருந்ததற்காகக் கைதாகிறவர்கள் மிகவும் குறைந்தார்கள். அது நல்லது, இல்லை என்று சொல்ல மாட்டோம். அமெரிக்காவில் கறுப்பரும் வெள்ளையரும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் கஞ்சா குடித்தாலும், கறுப்பர் கைதாகிற விகிதம் கிட்டத்தட்ட நாலு மடங்கு என்று 2013இல் அங்குள்ள மனித உரிமைச் சங்கம் கணக்குக் காட்டிற்று. அங்கே மக்கள் சட்டத்தை மாற்றக் கேட்டதில் நியாயம் உண்டு. ஆனால் சட்டம் மாறியதும் வாசலில் வந்து நின்றவன் யார்? கனடாவின் பெரிய கஞ்சாக் கம்பெனியான கேனபி குரோத்தில், பீரும் ஒயினும் விற்கிற அமெரிக்கக் கம்பெனி கான்ஸ்டலேஷன் 2018இல் 500 கோடி கனடா டாலரைப் போட்டது. அதே வருஷம் மார்ல்பரோ சிகரெட் கம்பெனியின் சொந்தக்காரரான ஆல்ட்ரியா, குரோனோஸ் என்ற கஞ்சாக் கம்பெனியில் 180 கோடி அமெரிக்க டாலர் போடுவதாக அறிவித்தது. நுரையீரலை அரித்தவனும் ஈரலை அரித்தவனும் அடுத்த சரக்குக்குக் கூட்டுச் சேர்ந்தார்கள்! அந்தப் பணத்தில் பெரும் பங்கைப் பிறகு நஷ்டக் கணக்கில் எழுதினார்கள் என்பது வேறு கதை. அதற்காக நாம் அழ வேண்டியதில்லை. சரக்கின் வீரியமும் ஏறிற்று. மிட்டாயாகவும் பிஸ்கட்டாகவும் செய்தார்கள். சின்னக் குழந்தைகள் தெரியாமல் தின்று ஆஸ்பத்திரிக்கு வருவது அதிகமாயிற்று.

தாய்லாந்து 2022 ஜூனில் தடையை எடுத்தது. தெருவெல்லாம் கடை முளைத்தது. 2025 ஜூனில், டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்று திரும்பி வந்துவிட்டது.

வேறு மாதிரியும் செய்து பார்த்திருக்கிறார்கள். தென் அமெரிக்காவில் உருகுவே என்ற சின்ன நாடு 2013இல் சட்டம் போட்டது. விளம்பரம் கூடாது. வீட்டில் ஆறு செடி வைத்துக்கொள்ளலாம். அல்லது சங்கம் சேர்ந்து வளர்க்கலாம். அல்லது பெயரைப் பதிந்துகொண்டு மருந்துக் கடையில் மாதம் நாற்பது கிராம் வரை சர்க்கார் நிர்ணயித்த விலைக்கு வாங்கலாம். ஜெர்மனி 2024 ஏப்ரலில் வயது வந்த ஆளுக்கு மூன்று செடி, லாபமில்லாத சங்கம் என்பதோடு நிறுத்திற்று; கடை திறக்கவில்லை. இவையும் 'சட்டபூர்வம்'தான். ஆனால் 'பிராந்தியைப் போல' அல்ல. இந்த வித்தியாசத்தைத்தான் வாலிபத் தோழர் யோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

நம் வீட்டுக் கதையையும் மறைக்கக் கூடாது. 1985இல் சோவியத் யூனியனில் குடிக்கு எதிராகக் கடுமையான இயக்கம் நடத்தினார்கள். கடைகளைக் குறைத்தார்கள், திராட்சைத் தோட்டங்களைக்கூட அழித்தார்கள். முதலில் சாவு குறைந்தது. பிறகு வீட்டுக்கு வீடு சாராயம் காய்ச்சினார்கள். சர்க்கரை கடையில் இல்லாமல் போயிற்று. இரண்டு மூன்று வருஷத்தில் இயக்கம் படுத்துவிட்டது. மேலிருந்து உத்தரவு போட்டு ஜனங்களின் பழக்கத்தை மாற்ற முடியாது என்பதை நம்மவர்களும் விலை கொடுத்துத்தான் கற்றார்கள்.

அப்படியானால் கஞ்சா கெடுதல் இல்லையா என்று கேட்பீர்கள். 2019இல் மத்திய சர்க்கார் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி நாட்டில் மது குடிப்பவர்கள் சுமார் 16 கோடி. பாங்கும் சேர்த்துக் கஞ்சா வகை உபயோகிப்பவர்கள் சுமார் 3 கோடி. ஈரலை அழிப்பதிலும், ஆளைக் கொல்வதிலும், வீட்டில் பெண்ணை அடிக்க வைப்பதிலும் மதுதான் பெரிய எமன். இதில் வாலிபத் தோழர் சொன்னது சரி. ஆனால் 'பச்சிலைதானே, சித்தர்கள் குடித்ததுதானே' என்று சிலர் பேசுவது சரியல்ல. குடித்துப் பார்ப்பவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் அதற்கு அடிமையாகிறார். சின்ன வயதில் தொடங்கித் தினசரி குடிக்கிறவனுக்கு மனநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. இதைக் கமிஷன் காலத்துப் பதிவேட்டை வைத்துச் சொல்லவில்லை. இந்தக் காலத்து டாக்டர்கள் ஆண்டுக்கணக்காக ஆட்களைப் பின்தொடர்ந்து பார்த்துச் சொன்னது. இன்னொன்று நமக்கே தெரியும். கார்டிங்கிலும் புளோரூமிலும் ஓடுகிற இயந்திரத்துக்கு முன்னால் மயக்கத்தோடு நிற்கிறவனின் கை எவ்வளவு நேரம் கையாக இருக்கும்? கை போனபின் நிர்வாகம் முதலில் தேடுவது என்ன? 'போதையில் இருந்தான்' என்று எழுதி நஷ்டஈட்டை மறுக்க ஒரு சாக்கு!

இதில் ஒரு விஷயத்தைக் கண்டிக்க வேண்டியிருக்கிறது. 'வடக்கத்தியான் வந்தான், கஞ்சா வந்தது' என்று நம் தோழர்களில் சிலரே பேசுகிறார்கள். பீகாரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் வந்து ஒரு அறையில் பத்துப் பேராய்ப் படுத்து, பன்னிரண்டு மணி நேரம் உழைக்கிறவன் நமக்கு எதிரியா? இந்தப் பேச்சு முதலாளிக்குத்தான் உதவும். மேலும் கம்பம் மலையடிவாரத்துக் கஞ்சா இந்தத் தொழிலாளர்கள் வருவதற்கு ரொம்ப காலம் முன்பே பிரசித்தம்.

இனி எங்கள் கருத்தைச் சொல்கிறோம். பொட்டலம் வைத்திருந்தவனையும் குடித்தவனையும் ஜெயிலில் தள்ளுவதை நிறுத்த வேண்டும். அவனுக்கு வேண்டியது டாக்டர், வேலை, தூங்குவதற்கு ஒரு இடம். ஜில்லா ஆஸ்பத்திரி தோறும் குடிக்கும் கஞ்சாவுக்கும் இலவச சிகிச்சை வேண்டும். அந்த 45,000 கோடியில் ஒரு துளியை இதற்கு ஒதுக்கச் சொல்லிக் கேட்போம். அதே சமயம் டாஸ்மாக் மாதிரி ஒரு கஞ்சாக் கடையையோ, கம்பெனி லைசென்ஸையோ நாம் ஆதரிக்க முடியாது. ஒரு கடையை மூட முடியாமல் நம் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்து போராடிக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் இன்னொன்றைத் திற என்று எந்த முகத்தோடு கேட்பது?

"குடிக்கிறவனைப் பிடிக்காதே என்கிறாய், விற்காதே என்கிறாய், அப்போது அவன் எங்கே வாங்குவான்? அதே ரவுடியிடம்தானே?" என்று ஒரு தோழர் எங்களை மடக்கினார். கேள்வி நியாயமானது. உருகுவே மாதிரி, ஜெர்மனி மாதிரி லாபமில்லாத ஏற்பாடு நம் நாட்டில் நடக்குமா, அல்லது ஆறு மாதத்தில் அதையும் ஒரு காண்ட்ராக்டர் பிடித்துக்கொள்வானா என்பதில் எங்களுக்குள்ளேயே ஒருமித்த அபிப்பிராயம் இல்லை. கிளைகளில் விவாதித்து எழுதுங்கள்.

விவாதம் நடக்கட்டும், அதுவரை காத்திராமல் செய்ய வேண்டியதும் இருக்கிறது. 64-ஏ பிரிவைப் பற்றி ஒரு சின்ன நோட்டீஸ் தயாராகிவிட்டது. தமிழிலும் இந்தியிலும் அச்சடித்திருக்கிறோம். ஒவ்வொரு மில் வாசலிலும், நடவு ஆட்கள் கூடுகிற இடத்திலும் கொடுக்க வேண்டும். யாராவது பிடிபட்டால், குற்றத்தை ஒப்புக்கொள்ளும் முன் யூனியன் ஆபீசுக்குச் சொல்லி அனுப்பச் சொல்லுங்கள். நாம் சொன்ன பையன் இப்போது சந்தையில் மூட்டை தூக்குகிறான், ஆஸ்பத்திரிக்கும் போய்வருகிறான். அவனை மில்லில் திரும்ப எடுக்கக் கேட்டு வருகிற செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு, ஷிப்டு மாறுகிற நேரத்தில், வாயிற்கூட்டம். அவனுடைய தாயும் பேசுகிறார். நைட் ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் ஒரு அரை மணி நேரம் தூக்கத்தைத் தள்ளிப்போட்டு நின்று கேட்டுவிட்டுப் போக வேண்டும்.